தாழ்த்திய காருக்கு எக்ஸ்ட்ராக்டர் போட்டால் அடி தட்டுமா?

தம்பி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓடும் உங்கள் தாழ்த்திய காருக்கு எக்ஸ்ட்ராக்டர், அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் தனித்தனிக் குழாய்களின் தொகுப்பு, போட்டால் அடி தட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தட்ட வாய்ப்பு அதிகம். எக்ஸாஸ்ட் முன்பக்கம் உள்ள எஞ்சினில், குழாய்கள் ஆயில் சம்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கு) அடியில் வளைந்துதான் பின்னால் போகும். எஸ்டேட் மண்சாலையின் நடுமேடு முதலில் உரசுவது அங்கேதான்.

அதனால் வாங்கும் முன்பே, நான்கு டயரும் தரையில் நிற்க, ஆட்களை உட்காரவைத்து இடைவெளியை அளந்து பாருங்கள். லிஃப்டில் தொங்கும்போது பார்த்து ஏமாறாதீர்கள். எக்ஸிலேட்டர் அழுத்தினால் எஞ்சின் ஆடும். குழாய் சப்ஃபிரேமை (எஞ்சினுக்குக் கீழுள்ள இரும்புச் சட்டத்தை) ஒட்டினால் இடிக்கும். அப்புறம் அந்த ஆட்டத்தைத் தாங்க, வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் வெல்டிங் விரிசல் விடும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வயர் சூடான குழாயில் படக்கூடாது. டவுன் ஓட்டத்துக்கு, நான்கு குழாய்கள் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும் 4-2-1 வகையே என் தேர்வு. அப்படியும் தட்டினால், காரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். குழாயை நசுக்கி இடம் பண்ணாதீர்கள்.