நீலக் கிரிம்லாக், பச்சை ஸ்லாக்: நிறம் மாறிய டைனோபாட்கள் பற்றிய கேள்வி பதில்

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் எனக்கு உயிர் டைனோபாட்கள்தான். டைனோசராக நிற்கும், திருப்பி மடக்கினால் ரோபோ ஆகிவிடும். அவற்றிலும் 1990களில் வழக்கத்துக்கு மாறான நிறங்களில் வந்த பதிப்புகளைப் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்துவருகிறேன். "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, டைனோபாட் என்றாலே சாம்பல் நிறமும் தங்க முலாமும்தான் நினைவுக்கு வருகின்றன. நீலமும் பச்சையும் எங்கிருந்து வந்தன?

பதில்: தம்பி, நீங்கள் நினைப்பது 1985இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஐவரை. டைரனோசாரஸாக மாறும் கிரிம்லாக், மூன்று கொம்புள்ள ஸ்லாக், முதுகில் தகடுகள் நிமிர்ந்த ஸ்னார்ல், நீண்ட கழுத்துள்ள ஸ்லட்ஜ், பறக்கும் ஸ்வூப். 1990உடன் அமெரிக்காவில் அந்த வரிசை ஓய்ந்தது. 1993இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'ஜெனரேஷன் 2' என்ற பெயரில் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. புதிய அச்சு செய்யப் பெரும் செலவாகும். பழைய அச்சில் வேறு நிறப் பிளாஸ்டிக்கை ஊற்றினால் செலவு குறைவு, கடை அலமாரியில் பார்க்கவும் புதிதாக இருக்கும். அப்படி மூன்று டைனோபாட்கள் திரும்பி வந்தன, ஒவ்வொன்றும் மூன்று நிறங்களில். கிரிம்லாக் வெள்ளி, கருநீலம், பச்சை கலந்த வெளிர்நீலம் ஆகிய நிறங்களில் வந்தது. ஸ்லாக், ஸ்னார்ல் இரண்டும் வெள்ளி, பச்சை, சிவப்பு. மொத்தம் 9. அந்த ஒன்பதையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்ப்பதுதான் என்னைப் போன்றவர்களின் கனவு.

கேள்வி: ஆனாலும் இவ்வளவு கண்ணைப் பறிக்கும் நிறங்கள் தேவைதானா?

பதில்: அந்தக் காலத்து அமெரிக்கப் பொம்மைக் கடையின் ருசி அது. அதே வரிசையில் வில்லன் மெகட்ரான் பச்சை உடலோடு டாங்கியாக வந்தான். பச்சையாக இருந்த கட்டுமான வண்டி ரோபோக்கள் மஞ்சளுக்கு மாறின. பலர் இவற்றை அருவருப்பு என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளிர்நீலக் கிரிம்லாக்கைக் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். நெஞ்சிலுள்ள தங்க முலாம் அந்த நீலத்தின்மேல் எப்படி எரிகிறது தெரியுமா? சாம்பல் உடலில் அந்தத் தங்கம் அடங்கிக் கிடக்கும், இதில் துள்ளி எழுகிறது.

கேள்வி: ஒன்பதில் எது கிடைப்பது கடினம்?

பதில்: என் அனுபவத்தில் வெளிர்நீலக் கிரிம்லாக்தான். கருநீலம் அவ்வப்போது கண்ணில் படும். வாள், துப்பாக்கி, ஏவுகணைகள் எல்லாவற்றோடும் முழுமையாகக் கிடைப்பது இன்னும் அரிது. உடல் நன்றாக இருந்தால் முதலில் உடலை வாங்குங்கள், ஆயுதங்களைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, கார்ட்டூனில் ஸ்வூப்பின் நெஞ்சு நீலம். என்னிடம் இருக்கும் 1985 பொம்மையில் சிவப்பு. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இல்லை ஐயா, உங்கள் பொம்மை சரியானதுதான். இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன் என்று சொல்லலாம், ஏனென்றால் நிறம் என்பது பொம்மையின் பிறப்புச் சான்றிதழ் போன்றது என்பதை ஸ்வூப்பைவிடத் தெளிவாகக் காட்டும் பொம்மை வேறு இல்லை.

டைனோபாட்கள் டிரான்ஸ்ஃபார்மர்ஸாகப் பிறந்தவை அல்ல. ஜப்பானின் தகாரா நிறுவனம் 1980இல் தொடங்கிய டயாக்ளோன் வரிசையில் இவை 'டைனோசர் ரோபோ'க்களாக இருந்தன. அங்கே இவை உயிருள்ள பாத்திரங்கள் அல்ல, மனிதர்கள் ஏறி ஓட்டும் இயந்திரங்கள். ஏறக்குறைய 3 செ.மீ. உயரத்தில், பாதத்தில் காந்தம் வைத்த ஓட்டுநர் பொம்மை ஒன்று கூடவே வரும். உங்கள் டைனோபாட்டைக் கையில் எடுத்து நன்றாகத் தேடிப் பாருங்கள், அந்தக் குட்டி ஓட்டுநர் உட்காரும் அறை இன்றும் இருக்கும். அமெரிக்கப் பெட்டியில் ஓட்டுநர் வரவில்லை. ஆளில்லாத அந்த அறையைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

பிற்பாடு ஸ்வூப் ஆன அந்த ஜப்பானியப் பறக்கும் ரோபோவின் நெஞ்சு நீலம். கார்ட்டூனுக்கு உருவம் வரைந்தவர்கள் அந்த நிறத்தைப் பின்பற்றினார்கள். ஹாஸ்ப்ரோ விற்ற பொம்மையிலோ நெஞ்சு சிவப்பாகிவிட்டது. ஆகவே நீல ஸ்வூப் கார்ட்டூன்காரர்களின் கற்பனை அல்ல, டயாக்ளோன் காலத்து நிறம்.

கேள்வி: ஸ்லாக் என்கிறீர்கள், புதிய பெட்டிகளில் ஸ்லக் என்று போட்டிருக்கிறதே?

பதில்: இரண்டும் ஒருவரே. பிரிட்டனில் பழைய பெயர் பெண்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் என்பதால் பிற்காலத்தில் மாற்றினார்கள்.

கேள்வி: என் வெள்ளி ஸ்னார்லின் வெளிர்ப் பகுதிகள் மஞ்சளாகிவிட்டன. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைக்கலாம் என்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: இந்தப் பொம்மைகளில் உள்ள ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வகை ஒளியாலும் வெப்பத்தாலும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மஞ்சளாகிறது. பெராக்சைடு அந்த மஞ்சளை எடுக்கும், ஆனால் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. வெள்ளை, வெளிர்சாம்பல் பாகங்களைத் தனியே கழற்ற முடிந்தால், பொறுமையும் இருந்தால், முயன்று பாருங்கள். நீலம், பச்சை, சிவப்பு பாகங்களில் கை வைக்கவே வேண்டாம். திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டால் அந்த நிறத்தை மீட்க வழியே இல்லை, நாம் சேர்ப்பதோ அந்த நிறத்துக்காகத்தான்.

முலாம் இன்னும் மென்மையானது. பளபளப்பது வெற்றிடத்தில் படியவைத்த மிக மெல்லிய உலோகப் படலம். தொடக்க காலத்தில் ஒரு கிரிம்லாக்கின் நெஞ்சுப் பகுதியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். தங்கம் பஞ்சோடு வந்துவிட்டது. அந்தக் கிரிம்லாக்கை இன்றும் வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது. மெல்லிய தூரிகை, லேசாக ஈரமான பருத்தித் துணி, இவை போதும். நேரடி வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஈரம் ஏறினால் ஸ்டிக்கர்களின் ஓரம் எழும்பும், மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் போட்டுவையுங்கள்.

கேள்வி: தங்க நிறப் பொம்மைகள் தானாக உடைந்துபோகும் என்று கேள்விப்பட்டேன். டைனோபாட்களுக்கும் அந்த ஆபத்து உண்டா?

பதில்: அது வேறு. தங்கத்துகள் கலந்து வார்த்த பிளாஸ்டிக் காலப்போக்கில் நொறுங்கும். 1988இல் ஜப்பானில் வந்த பிளாக் ஜராக் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை அதற்குப் பேர்போனது. டைனோபாட்களில் இருப்பது மேலே பூசிய முலாம். அது தேயும், உரியும், ஆனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அந்த வகையில் நொறுங்காது.

கேள்வி: வெளிர்நீலக் கிரிம்லாக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: சாம்பல் பொம்மைக்கு யாராவது வர்ணம் அடித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அசலில் அந்த நீலம் பூச்சு அல்ல, பிளாஸ்டிக்கின் நிறமே அது. மூட்டின் உட்புறம், திருகு இறங்கும் குழி, கைகால்களின் உள்வெற்றிடம் எல்லா இடத்திலும் ஒரே நீலம் இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். அடுத்து உடலில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயர் எழுத்துகள். அவை மழுங்கியோ அழிக்கப்பட்டோ இருந்தால் போலி அச்சு என்று சந்தேகப்படுங்கள்.

கேள்வி: கிரீடம் வைத்த நீலக் கிரிம்லாக் ஒன்றையும் பார்த்தேன். அதுவும் 1993ஆம் ஆண்டு வந்ததா?

பதில்: இல்லை. தகாரா டோமி 2009இல் மாஸ்டர்பீஸ் வரிசையில் ஒரு கிரிம்லாக்கை வெளியிட்டது. அதன் நிறம் மாற்றிய பதிப்புதான் கிங் கிரிம்லாக். மார்வெல் காமிக்ஸில் ஆட்டோபாட்கள் என்ற நல்ல ரோபோக்களின் அணிக்குத் தலைமையேற்றுக் கிரீடம் சூடிக்கொண்ட கிரிம்லாக்கைக் கௌரவிக்கும் பொம்மை அது. ஒரே கிரிம்லாக்கின் நீலத்துக்கு இரண்டு வேறு கதைகள்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. என் கருநீலக் கிரிம்லாக்கைக் கேட்டு அழுகிறான். ஒரு தாயாக எனக்குக் கொடுக்க ஆசைதான். கொடுக்கலாமா?

பதில்: அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து விளையாடுங்கள். டைனோசரின் பின்னங்கால்கள் ரோபோவின் கைகளாகும், வால் இரண்டாகப் பிளந்து கால்களாகும், தலை முதுகுப் பக்கம் மடியும். வால் பிளக்கும்போது வரும் அந்த 'க்ளிக்' ஓசையைக் குழந்தையின் விரலே எழுப்பட்டும். தனியாக விளையாட 2021இல் வந்த ஸ்டுடியோ சீரிஸ் கிரிம்லாக்கை வாங்கிக் கொடுங்கள், மூட்டுகள் இன்னும் நன்றாக அசையும், வீலி என்ற குட்டி ரோபோவும் கூட வருவான்.

கேள்வி: ஸ்லட்ஜும் ஸ்வூப்பும் ஜெனரேஷன் 2இல் வரவே இல்லையே. நானே வர்ணம் அடித்து வரிசையை நிரப்பிக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் நல்ல நிலையில் உள்ள 1985 பொம்மையைத் தொடாதீர்கள். ஆயுதம் இல்லாத, முலாம் போன, ஒரு கை ஒடிந்த ஸ்லட்ஜ் எங்காவது உங்களுக்காகக் காத்திருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ணம் அடித்த ஆண்டை உள்பக்கம் சிறியதாக எழுதிவையுங்கள், அடுத்து வாங்குபவர் அசல் என்று நம்பி ஏமாறக் கூடாது. ஸ்லட்ஜுக்கு நான் ஊதாவைத் தேர்ந்தெடுப்பேன்.