தறி ஓயும் நாளில் ஒரு பாடல்

வாசகர் கேள்வி – பதில்: இசை

கேள்வி: நானே எழுதி மெட்டமைத்த பாடலை என் முதல் சிங்கிளாக (தனிப் பாடலாக) வெளியிட விரும்புகிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலை முதல் இரவு வரை சத்தம் ஓயாது. கையில் முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. விலை உயர்ந்த மைக் வாங்குவதா, ஸ்டுடியோவுக்குப் போவதா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: இரண்டையும் சற்றுத் தள்ளி வையுங்கள். விலை உயர்ந்த மைக் உங்கள் குரலை எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறதோ, அதே நுட்பத்தோடு அடுத்த வீட்டுத் தறியையும் கேட்டுத் தொலைக்கும். தறியின் தடதடப்பு காற்றில் மட்டும் வருவதில்லை. தரையிலும் சுவரிலும் அதிர்வாக ஓடி வந்து மைக் ஸ்டாண்டில் ஏறுகிறது. சுவரில் ஒட்டும் ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளியிலிருந்து வரும் இந்த அதிர்வைத் தடுக்காது. பதிந்த பிறகு மென்பொருளால் நீக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், தறியோடு சேர்ந்து குரலின் உயிரும் போய்விடும்.

மின்வாரியம் பராமரிப்புப் பணிக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாள் நாளிதழில் முன்கூட்டியே வந்துவிடுகிறது அல்லவா? அந்த நாளைக் குறித்து வையுங்கள். அன்று தெருவில் ஒரு தறியும் ஓடாது. உங்கள் வீட்டு மின்விசிறியும் ஓடாது. மடிக்கணினியை முதல் நாள் இரவே முழுமையாகச் சார்ஜ் செய்துகொண்டால், யு.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் எடுக்கும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை மடிக்கணினியோடு இணைக்கும் கருவி) அதிலிருந்து ஓடும்; இயங்க மின்சாரம் கேட்கும் கண்டென்சர் வகை மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் அந்த இன்டர்ஃபேஸே கொடுத்துவிடும். தனி அடாப்டர் கேட்கும் வகையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். எதிர் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால், எந்த நேரத்தில் ஓட்டுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. மின்தடைக்காகக் காத்திருக்கும் ஒரே ஆள் உங்கள் தெருவில் நீங்களாகத்தான் இருப்பீர்கள்!

அறைக்கு இரண்டு பஞ்சு மெத்தைகள் போதும். கார்டியாய்டு வகை மைக் தனக்கு முன்னாலிருந்து வருவதையே அதிகம் வாங்கும் என்பதால், மெத்தைகளை உங்கள் முதுகுக்குப் பின்னால் மூலையில் சாத்துங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, உரத்துப் பாடும் இடத்திலும் அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்து, 24 பிட் துல்லியத்தில் பதியுங்கள். குறைவாகப் பதிந்த ஒலியைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். உச்சத்தில் வெட்டுப்பட்டதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய இயலாது.

மிச்சப்படும் பணத்தில் பெரும்பங்கை, குரலையும் இசையையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங் வேலையைச் செய்பவருக்கு ஒதுக்குங்கள். தன் குரலைத் தானே மிக்ஸ் செய்பவர் கூச்சத்தில் அதைப் புதைப்பார், இல்லையென்றால் ஆசையில் தூக்கி நிறுத்துவார். என் முதல் பாடலில் நான் புதைத்தேன். வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீர்செய்யும் மாஸ்டரிங்கில் ‘சத்தம் இன்னும் ஏறட்டும்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது.

கேள்வி: சேர்வராயன் மலையைப் பற்றி நான் எழுதிய பாடலின் பல்லவி ‘மலை’ என்று தொடங்குகிறது. டெமோ கேட்டவர்கள் எல்லோரும் ‘மாலை’ என்றே புரிந்துகொள்கிறார்கள். என் உச்சரிப்பில் குறையா?
– வாசகி, ஏற்காடு

பதில்: உச்சரிப்பில் குறை இல்லை, மெட்டில்தான் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்த கணக்குதான் இது. ‘ம’ என்ற குறிலை நீங்கள் இரண்டு தட்டு இழுத்த கணமே, கேட்பவர் காதில் அது ‘மா’ ஆகிவிடுகிறது. மலை மாலையாக, கல் காலாக, பல் பாலாக மாறும் மொழி நம்முடையது. மெட்டு மாறக்கூடாது என்றால், ‘ம’வை ஒரு தட்டில் முடித்துவிட்டு நீட்சியை ‘லை’யின் மேல் வைத்துப் பாருங்கள். அதுவும் பொருந்தாவிட்டால் நெடிலில் தொடங்கும் சொல்லைத் தேடலாம்; அதற்கு உங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. ஏரி, காப்பித் தோட்டம், ஏன், ஊரின் பெயரே ‘ஏ’யில் தொடங்கி நடுவில் ‘கா’வையும் வைத்திருக்கிறது. மெட்டைப் போட்டுவிட்டு வரியைத் திணிப்பவர்கள் இந்த ஒன்றில்தான் அடிக்கடி வழுக்குகிறார்கள்.

பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் கண்டென்சர் மைக்கை வெளியே வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் படபடவென்ற சத்தம் பதிவில் விழும்.

கேள்வி: வரிகள் நண்பருடையவை, மெட்டும் குரலும் என்னுடையவை, ஸ்டுடியோ செலவுக்குப் பணம் கொடுத்தவர் என் மாமா. பாடல் யாருக்குச் சொந்தம்?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை. முதல் இரண்டும் முறையே உங்கள் நண்பருக்கும் உங்களுக்கும் உரியவை. மூன்றாவது, பதிவை முன்னின்று பொறுப்பேற்றுச் செய்த தயாரிப்பாளருக்கு உரியது. பணம் கொடுத்ததாலேயே மாமா தயாரிப்பாளர் ஆகிவிடமாட்டார், அவர் கொடுத்தது கடனா முதலீடா என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

நண்பரிடமிருந்து உரிமை பெறுவதானால் எழுத்தில் கையெழுத்தோடு பெற வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பாடலோ முதல் நாளே சிங்கப்பூரிலும் ஒலிக்கும். உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும் ராயல்டியில் சம பங்கு கேட்கும் உரிமை நண்பருக்கு உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த பாதுகாப்பு அது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் இருவருமே உறுப்பினர் ஆகிக்கொள்ளலாம். அங்கும், பாடலைத் தளங்களுக்கு ஏற்றும் விநியோக நிறுவனத்திடமும், உங்கள் பெயர்களுக்கு ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கொடுங்கள். பெயரில் ‘ழ’ இருந்தால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.