விடுதலையானவனைக் காதலிக்கும் கதை: த்ரில்லர் எழுதுவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் நாவலில் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட் நாயகனுக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை கொடுக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு புதிய சாட்சி கிடைத்து, போலீஸ் அவனை மறுபடி கைது செய்கிறது. சரிதானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. விடுதலைத் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை அதே கொலைக்காக அவனை இரண்டாம் முறை விசாரிக்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 300-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் 337. எத்தனை புதிய சாட்சி வந்தாலும் போலீசுக்கு அதில் வேலை இல்லை.

உண்மையான ஆபத்து மேல்முறையீட்டில்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 136-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போட அரசுக்கு 90 நாள் அவகாசம். தாமதமானாலும் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். இறந்தவரின் குடும்பமும் போகலாம். உச்ச நீதிமன்றம் பழைய தண்டனையை நிலைநிறுத்தினால் அவன் சரணடைய வேண்டும். ஆகவே உங்கள் கதைக்கு ஜீப்பும் விலங்கும் தேவையில்லை. டெல்லியிலிருந்து வரும் ஒரு நோட்டீஸ் போதும்.

இன்னொன்று. மேல் கோர்ட் கூப்பிட்டால் வருவேன் என்று, விடுதலையாகிறவரிடம் ஆறு மாதத்துக்கு ஜாமீன் பத்திரம் வாங்க அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 481-வது பிரிவு இடம் தருகிறது. அதில் ஜாமீன்தாரராக நாயகியைக் கையெழுத்துப் போட வையுங்கள். அவன் காணாமல் போனால் பணம் கட்ட வேண்டியவள் அவள். அவன் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பாத காட்சிக்கு அப்போதுதான் கனம் வரும்.

திருநெல்வேலி வழக்கின் மேல்முறையீடு 2004 முதல் மதுரைக் கிளைக்குத்தான் போகிறது, சென்னைக்கு அல்ல. கொலை 2024 ஜூலைக்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவு, பிறகு என்றால் அதற்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டத்தின் 103. இந்த இரண்டிலும் தவறினால் வக்கீல் வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

கேள்வி: அவன் செய்தானா இல்லையா என்ற சந்தேகத்தை 300 பக்கம் எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகி, கரூர்

பதில்: நாவலைத் தொடங்குவதற்கு முன் விடுதலைத் தீர்ப்பை நாலு பக்கம் எழுதுங்கள். அச்சேற வேண்டியதில்லை, உங்கள் மேஜையில் இருந்தால் போதும். எதனால் விடுதலை என்பதுதான் நாயகிக்கு என்ன சந்தேகம் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. உண்மைக் கொலைகாரன் பிடிபட்டு விடுதலை என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. நேரில் பார்த்தவர் பிறழ் சாட்சியானார் என்றால், அவரை விலைக்கு வாங்கியது யார் என்ற கதையாகிவிடும். இந்த வகைக்கு மிகவும் பொருந்துவது சூழ்நிலைச் சாட்சிய வழக்கு. 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஐந்து நிபந்தனைகள் வகுத்தது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் விடுதலைதான்.

அந்தக் கண்ணியைக் கையில் பிடிக்கிற பொருளாக்குங்கள். உதாரணமாக: அவன் வாக்குமூலத்தின்பேரில் கிணற்றடியில் கத்தி எடுத்ததாக மகஜர், அதாவது போலீஸ் எழுதும் கைப்பற்றல் பதிவு. அந்த வாக்குமூலத்தில், பொருளைக் கண்டெடுக்க வழிசெய்த பகுதி மட்டுமே சாட்சியமாகச் செல்லும். மகஜரில் கையெழுத்திட்ட தலையாரி குறுக்கு விசாரணையில், ‘ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்’ என்கிறார். உயர் நீதிமன்றம் கத்தியை ஒதுக்கிவிடுகிறது. நாயகி தீர்ப்பைப் படிக்கிறாள்: கத்தியின் பிடி உடைந்து, செம்புக் கம்பி சுற்றியிருந்தது என்று ஒரு வரி. சில மாதம் கழித்து, ஆடிக்கொண்டிருந்த கரண்டிப் பிடிக்கு அவன் செம்புக் கம்பி சுற்றுவதைப் பார்க்கிறாள்.

கத்தி அவனுடையதுதான். ஆனால் போலீசே அவன் வீட்டுச் சமையலறையிலிருந்து அதை எடுத்துப் போய் வைத்திருந்தால்? அந்தக் கம்பி அவனைக் கொலைகாரனாகவும் காட்டும், பொய் வழக்கில் மாட்டிவிடப்பட்டவனாகவும் காட்டும். இரண்டு பக்கமும் சமமாக வெட்டாத தடயத்தை நாவலில் சேர்க்காதீர்கள். இரண்டு முடிவுக்கும் இடமிருந்தால் குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதையே ஏற்க வேண்டும் என்று 1973-ல் காளிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி அதோடு கோப்பை மூடிவிடலாம். அவனோடு வாழ்கிறவளால் முடியாது. நாவல் அந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

கேள்வி: நாயகி முட்டாளாகத் தெரிகிறாள் என்று படித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.
– வாசகி, மதுரை

பதில்: அவளுடைய விளக்கம் வாசகருடையதைவிடப் புத்திசாலித்தனமாக இருக்க வேண்டும். நீண்ட காலம் சிறையிலிருந்தவரின் பழக்கங்கள் இதற்குப் பெரிய உதவி. கதவு முன்னால் போய் யாராவது திறக்கட்டும் என்று நிற்பார். விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. சுவரில் முதுகு சாய்த்தே உட்காருவார். தட்டை இரண்டு நிமிடத்தில் காலி செய்வார். இவை ஒவ்வொன்றும் பயந்தவனின் செயல், ஒளிக்கிறவனின் செயலும்கூட.

பேச்சிலும் அப்படியே. அன்றிரவு நடந்ததை எப்போது கேட்டாலும் அதே வார்த்தைகளில் சொல்கிறான். ஒத்திகை பார்த்த பொய்யா? வக்கீல்களிடம் பத்து வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த உண்மையா? வழக்குக் கட்டில், நீதிபதி அவனை நேரடியாகக் கேட்ட கேள்விகளின் தாளை அவள் பார்க்கட்டும். ஒவ்வொரு சாட்சியத்துக்கும் பதில், ‘பொய்’. பெரும்பாலோர் வக்கீல் சொல்லி அப்படித்தான் பதில் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அளவு முக்கியம். இப்படி ஆறேழு சம்பவம் போதும். அவற்றில் இரண்டைச் சீக்கிரமே தெளிவாக நிரபராதப் பக்கம் முடித்துவிடுங்கள். எல்லாம் அவனையே சுட்டினால், பழகிய வாசகர் பாதியிலேயே ‘இவன் செய்யவில்லை’ என்று கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: விடுதலை, மறுபடி தண்டனை, மறுபடி விடுதலை. நம்பும்படி இருக்குமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: கதை எந்த நாட்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இத்தாலியில், அறைத்தோழியைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட அமெரிக்க மாணவி அமாண்டா நாக்ஸுக்கு 2009-ல் தண்டனை, 2011-ல் விடுதலை, 2013-ல் அந்த விடுதலை ரத்து, 2014-ல் மறுபடி தண்டனை, 2015 மார்ச்சில் இறுதி விடுதலை. அமெரிக்காவில் ஜூரி விடுவித்தால் அதோடு முடிந்தது. ஆனால் தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானால், சாட்சியமே போதாது என்ற காரணத்தைத் தவிர, மறுவிசாரணை வரலாம்.

கேள்வி: கடைசியில் அவன் அவளிடம் உண்மையைச் சொல்கிறான். அவள் கோர்ட்டில் போய்ச் சொல்ல முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எப்போது சொன்னான் என்பதைப் பாருங்கள். கணவன் மனைவியாக இருக்கையில் ஒருவரிடம் ஒருவர் சொன்னதை, சொன்னவரின் சம்மதமில்லாமல் சாட்சியமாக வெளியிட முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 122, இப்போது 128. கல்யாணத்துக்கு முன் சொன்னதற்கு இந்தத் தடை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும், அவன் செய்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் அதைச் சொல்லலாம். 1954-ல் ராம் பரோசே வழக்கில் இந்த வேறுபாடு வந்தது. உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளிய பிறகு என்றால், அவள் என்ன சொன்னாலும் அந்தக் கொலைக்காக அவனை மறுபடி விசாரிக்க முடியாது.

எனவே நாள்காட்டி ஒன்று போடுங்கள்: உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 90-வது நாள், பத்திரம் முடியும் ஆறாவது மாதம், கல்யாணம், டெல்லி நோட்டீஸ், மனு தள்ளுபடி. ஒப்புதல் எந்த இரண்டு தேதிக்கு நடுவே விழுகிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு மற்ற அத்தியாயங்களைப் பின்னோக்கி அடுக்குங்கள்.