செயின் செட் மாற்றச் சொல்கிறார்கள்… மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: மண்பாதைக்கென்றே வரும் 200 சிசி பைக் வைத்திருக்கிறேன். வேலை விஷயமாக ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை பக்கத்து மலைக் கிராமங்களுக்கு அடிக்கடி போய் வருகிறேன். லீவு நாளில் நண்பர்களோடு பாலாற்று மணலிலும் ஓட்டுவதுண்டு. 9,000 கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, அதற்குள் செயினில் கடகடவென்று சத்தம். சர்வீஸ் சென்டரில், “செயின் செட்டே போச்சு சார், மாத்தணும், வாரன்டியில வராது” என்கிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக், “லிங்க் எடுத்துட்டு டைட் வெச்சா இன்னும் ஒரு வருஷம் ஓடும்ணா” என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒடுகத்தூர் வாசகர்

பதில்: இரண்டு பேருமே அளந்து பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஒரு டேப் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் செயின் தகட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 428 என்றிருந்தால், லிங்க்குகளைக் கோக்கும் சின்ன ஆணியான ஒரு ‘பின்’னிலிருந்து (pin) அடுத்த பின்னுக்கு 12.7 மில்லிமீட்டர். 520 என்றால் 15.875. செயினைக் கையால் இழுத்து விறைப்பாக வைத்துக்கொண்டு 21 பின்களை எண்ணுங்கள். முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளந்தால், புதுச் செயினில் 428-க்கு 254 மி.மீ., 520-க்கு 317.5 மி.மீ. வரும். இது 2 சதவீதம் கூடியிருந்தால், அதாவது 428-ல் 259, 520-ல் 324 வாக்கில் வந்துவிட்டால், அந்தச் செயினின் ஆயுள் முடிந்தது. சில கம்பெனிகள் இதற்கும் குறைவாகவே எல்லை வைத்திருக்கின்றன, உங்கள் வண்டியின் மேனுவலில் இருப்பதே கடைசி வார்த்தை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை.

“செயின் இழுத்துக்கிச்சு” என்று சொல்கிறோமே தவிர, இரும்புத் தகடு நீள்வதில்லை. உள்ளே பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்கிற சின்னக் குழாயும் உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு லிங்க்கிலும் முடியளவு இடைவெளி கூடி, நூற்றுக்கும் மேற்பட்ட லிங்க்கில் சேர்ந்து கண்ணுக்குத் தெரிகிற நீளமாகிறது. அதனால்தான் லிங்க் எடுக்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். மொத்த நீளம் குறையும், ஆனால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு லிங்க்கும் ஸ்பிராக்கெட் (செயின் சுற்றி ஓடும் பல்சக்கரம்) பல்லின் அளவுக்குப் பொருந்தாமல்தான் இருக்கும். அது ஸ்பிராக்கெட்டின் பல்லையும் சேர்த்துத் தின்னும். மலை இறக்கத்தில் செயின் கழன்று பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இதில் சிக்கனம் வேண்டாம்.

டேப் இல்லாத நேரத்தில் இன்னொரு வழி: பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்க நடுவில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரிகிற அளவு விலகினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பல்லின் வடிவத்தையும் கவனியுங்கள். நுனி கூராகி ஒரு பக்கம் கொக்கிபோல் வளைந்திருந்தால் ஸ்பிராக்கெட் முடிந்தது. பல்லின் ஒரு பக்கச் சுவர் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. பின்னைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி கசிந்தால் அங்கே ஓ-ரிங் (கிரீஸை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் வளையம்) போய், உள்ளிருந்த கிரீஸும் போய்விட்டது.

உங்கள் விஷயத்தில் காரணம் பெரும்பாலும் மணல். ஊருக்குள் ஓடும் பல வண்டிகளில் செயினை முழுதாக மூடிய கவர் இருக்கும், உங்கள் வண்டியில் திறந்தே கிடக்கிறது. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், இரும்பைக் கீறும் கடினம் அதற்கு உண்டு. சொதசொதவென்று எண்ணெய் விட்ட செயினோடு மணலில் இறங்கினால், வால்வு தேய்க்கும் கிரைண்டிங் பேஸ்ட்டைப் பூசிக்கொண்டு ஓட்டுவது மாதிரிதான்.

இன்னொரு காரணத்தையும் சந்தேகிக்கிறேன். நம் மெக்கானிக்குகள் பலர் ஊர் வண்டிக்கு வைக்கும் டைட்டையே இதற்கும் வைத்துவிடுகிறார்கள். மண்பாதை வண்டியின் பின் சஸ்பென்ஷன் அதிகம் ஏறி இறங்கும். முன் ஸ்பிராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் நொடியில்தான் செயின் அதிகபட்சமாக இழுபடும். ஸ்டாண்டில் நிற்கும்போது தொளதொளவென்று தெரிகிற செயின், குழியில் இறங்கும்போது கம்பியாகிவிடும். ஸ்டாண்டிலேயே டைட்டாக வைத்தால் ஒவ்வொரு குழியிலும் செயின் பிய்கிறது, கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட்டின் பேரிங்கும் ஆயில் சீலும் கெடுகின்றன. டைட் வைத்தபின் கனமான இரண்டு பேரைப் பின்னால் உட்காரவைத்து, மூன்று புள்ளியும் நேராகும்போது செயினில் கொஞ்சமாவது ஆட்டம் மிச்சமிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கவர்ச்சியாக இல்லாவிட்டாலும் கொஞ்சம் லூஸான செயின்தான் இந்த வண்டிக்கு நல்லது.

வாரன்டி விஷயத்தில் சர்வீஸ் சென்டர் சொல்வது பொதுவாகச் சரி. தேய்மானப் பாகங்களைப் பெரும்பாலான கம்பெனிகள் வாரன்டியில் சேர்ப்பதில்லை. ஆனால் வண்டி வாங்கிய புதிதிலேயே ஒரு லிங்க் மட்டும் மடங்காமல் விறைத்து நின்றால் அது தேய்மானம் இல்லை, தயாரிப்புக் குறை. அப்போது மறுப்பை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: செயின் மட்டும் மாற்றினால் போதாதா? புதிது மாட்டினால் எப்படிப் பராமரிப்பது?
– காட்பாடி வாசகி

பதில்: போதாது அம்மா. தேய்ந்த பல்லில் ஓடும் புதுச் செயின் சீக்கிரமே பழசாகும். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் செட்டாக வாங்குங்கள்.

பராமரிப்புக்கு மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் ரப்பரைக் கெடுக்கும். கம்பி பிரஷும் ஆகாது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைச் செயினுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். துடைத்துக் காயவைத்து, வண்டி ஓடி வந்த சூட்டிலேயே கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில் செயின் லூப்போ 90 கிரேடு கியர் ஆயிலோ விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். இரவே செய்து வைத்தால் காலைக்குள் ஊறிவிடும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: இன்ஜினை ஓடவிட்டு, கியரில் சக்கரம் சுற்றும்போது செயினைத் துடைக்காதீர்கள். விரல் போய்விடும்.

கேள்வி: ஆற்காட்டில் ஒரு கடையில் பாதி விலைக்கு செயின் செட் கிடைக்கிறது. போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: நல்ல செயின் நம் மாநிலத்திலேயே தயாராகிறது. கோவை எல்.ஜி.பி.யின் ரோலான் ஓர் உதாரணம். அசல் செயினில் பிராண்ட் பெயரும் அளவு எண்ணும் லிங்க் தகட்டில் தெளிவாகப் பொறித்திருக்கும். அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், வாடிக்கையாளர் சேவை எண் இருந்தே ஆக வேண்டும். பில் தர மறுக்கிற கடையில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். கழற்றிய செயினை மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வாருங்கள், உங்கள் சாட்சி அதுதான்.