ஆய்வுக்கு ஒரு விருது, அதன் தேவை என்ன?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். அங்கே இன, பாலினப் பன்முகத்தன்மை குறித்து ஆராயும் பேராசிரியர்களைப் பல்கலைக்கழகமே தனியாக விருது தந்து சிறப்பித்துவந்தது என்றாள். இதுவும் ஒருவகை இடஒதுக்கீடுதானே? – வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை ஐயா. மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் இனத்தையோ பாலினத்தையோ வைத்து முன்னுரிமை தருவதை மிச்சிகன் மாநில மக்கள் 2006 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தித் தடை செய்துவிட்டார்கள். எனவே பிறப்பைப் பார்த்து விருது வழங்க அங்கு வழியே இல்லை. பார்க்க வேண்டியது ஆய்வின் பொருளும் தரமும்தான். ஆராய்பவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம்.

அப்படிப்பட்ட ஆய்வு எதற்குப் பயன்படும் என்பதற்கும் அதே ஊரிலேயே சான்று இருக்கிறது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, பல்கலைக்கழகத்தின் தரப்பில் நிபுணர் அறிக்கை அளித்தவர் அங்கே பணியாற்றிய உளவியல் பேராசிரியர் பட்ரீசியா குரின். பலதரப்பட்ட பின்னணி உடையவர்களோடு கலந்து படிக்கும் மாணவர்களின் சிந்தனையும் குடிமைப் பங்கேற்பும் எவ்வாறு வளர்கின்றன என்பதை, மாணவர்களிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு அவர் எடுத்துரைத்தார். 2003-இல் வந்த தீர்ப்பில் சட்டக் கல்லூரியின் சேர்க்கை முறை நிலைத்தது. இளநிலைப் படிப்புக்கு இனத்தின் பேரில் கூடுதல் மதிப்பெண் தந்த முறை வீழ்ந்தது. தீர்ப்பை ஏற்பவரும் மறுப்பவரும் விவாதிக்க, உணர்ச்சிக்கு அப்பால் ஓர் ஆதாரத்தை அந்த ஆய்வு கொடுத்தது.

கேள்வி: ஆய்வு நல்லதாக இருந்தால் பொதுவான ஆய்வு விருதே போதுமே? தனியாக ஒன்று ஏன்? – கல்லூரி ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: போதும் என்றுதான் நானும் சொல்ல விரும்புகிறேன். ஆனால் சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 1977 முதல் 2015 வரை அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற சுமார் 12 லட்சம் பேரின் ஆய்வேடுகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அலசி, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதுவரை யாரும் சேர்த்துப் பார்க்காத இரண்டு கருத்துகளை ஓர் ஆய்வேடு முதன்முதலாக இணைத்தால் அதைப் புதுமை என்று கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த இணைப்பை எவ்வளவு எடுத்தாண்டார்கள் என்பதையும் எண்ணினார்கள். தத்தம் துறையில் சிறுபான்மையாக இருப்பவர்கள் கூடுதலாகப் புதுமை படைத்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய புதுமையைப் பிறர் எடுத்தாண்டது குறைவு. அது அவர்களுக்குக் கல்விப் பணியைப் பெற்றுத் தந்ததும் குறைவு.

மருத்துவ ஆய்வுக்கான நிதியிலும் இதையே காண்கிறோம். படிப்பு, பயிற்சி, முந்தைய வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும், அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் நிதி பெறும் வாய்ப்பு கறுப்பின ஆய்வாளர்களுக்கு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்ததை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைப்புகளால் விளைவது என்று 2019-இல் தெரியவந்தது. சமூக அளவிலான சுகாதாரம், மக்கட் பிரிவுகளிடையே நிலவும் உடல்நல ஏற்றத்தாழ்வு போன்ற தலைப்புகளுக்கு நிதி கிடைப்பதே அரிது. தலைப்பே தடையாகிற இடத்தில், அந்தத் தலைப்பில் தரமாக உழைத்தவரைப் பல்கலைக்கழகம் பெயர் சொல்லிப் பாராட்டுவது நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். சிறுபான்மைப் பேராசிரியர்களை எல்லாக் குழுவிலும் உட்கார வைத்து, எல்லா மாணவர்களின் குறையையும் கேட்க வைத்து, பதவி உயர்வின்போது அந்த உழைப்பை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடும் வழக்கத்தை 'பண்பாட்டு வரி' என்று 1994-இல் உளவியலாளர் அமாதோ பதியா சுட்டிக்காட்டினார். மிச்சிகனில் ஹெரால்ட் ஜான்சன் பெயரால் வழங்கப்பட்டுவந்த விருது இத்தகைய சேவைக்கானது, அதுவும் தேவையானதே. ஆய்வுக்கான விருதையும் அதே கணக்கில் சேர்த்து, குழுக்களில் ஓடியாடி உழைத்தவருக்கு ஆறுதல் பரிசாகக் கொடுத்தால், இந்தத் துறையில் ஆய்வே நடப்பதில்லை என்று ஏற்கெனவே நினைப்பவர்களின் வாய்க்கு அவல் போட்டதாகிவிடும். புத்தகத்தையும் கட்டுரையையும் துறை அறிந்தவர்கள் படித்துப் பார்த்து, வேதியியலுக்கோ வரலாற்றுக்கோ வைக்கும் அதே உரைகல்லில் உரசித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: இந்தத் துறையில் ஆய்வு செய்ய அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறேன். இப்போதைய சூழலில் அது சரியா? – ஆராய்ச்சி மாணவர், சென்னை

பதில்: சூழல் கடினம்தான். மிச்சிகன் பல்கலைக்கழகமே தன் பன்முகத்தன்மை அலுவலகத்தை மூடுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. அரசு நிதி நிறுவனங்களும் அந்த ஆண்டு இத்துறை சார்ந்த பல நிதியுதவிகளை நடுவழியில் நிறுத்தின. விருதுப் பட்டியலைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்கு வழிகாட்டப் போகிறவரின் ஆய்வுக்கு இப்போது நிதி எங்கிருந்து வருகிறது, அது எந்த ஆண்டு வரை உறுதி, அவரிடம் பயின்ற முந்தைய மாணவர்கள் இன்று எங்கே பணியில் இருக்கிறார்கள், இதே தலைப்பில் ஆராய்ந்தவர்களுக்கு அந்தத் துறை பணி நிரந்தரம் வழங்கியிருக்கிறதா என்பவற்றை மின்னஞ்சலில் நேரடியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வரும் இடங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.