'பிளாங்கர்' என்றால் திட்டா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்சம் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் கென்ட்டில், ஆஷ்ஃபோர்டு பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கேரராக, அதாவது பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவராக, நீங்கள் சேர்ந்து நான்கு மாதம். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஏழு வாங்கியும் அங்கிருக்கும் தாத்தா பாட்டிகள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. போன வாரம் டீயை ஆள் மாற்றிக் கொடுத்ததற்கு ஒரு தாத்தா 'யூ பிளாங்கர்' என்றார். மேனேஜரிடம் சொல்லலாமா? இதுதானே கேட்டீர்கள்?

சொல்லாதீர்கள். அது நம் ஊரில் தாய்மாமன் 'அட லூசுப் பயலே' என்று முதுகில் தட்டுவது மாதிரி. அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் டேவிட் ஜேசன் என்ற நடிகர். அவரைத் தெரிந்துகொண்டால் உங்கள் இல்லத்துப் பேச்சில் பாதி விளங்கிவிடும். நான் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இது புரியவே எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' என்று ஒரு தொடர், ஜான் சல்லிவன் எழுதியது. 1981-ல் பிபிசியில் ஆரம்பித்தது. தென் லண்டன் பெக்கமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, அதில் டெல் பாய் (இவன்தான் ஜேசன்), அவன் தம்பி ராட்னி, ஒரு தாத்தா. எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாத சரக்கை மூன்று சக்கர மஞ்சள் வேனில் ஏற்றிக்கொண்டு போய், சந்தையில் சூட்கேஸைத் திறந்து வைத்து விற்பான் டெல். வேனின் பக்கவாட்டில் 'நியூயார்க், பாரிஸ், பெக்கம்' என்று எழுதியிருக்கும்! அடுத்த வருஷம் இந்நேரம் கோடீஸ்வரனாகிவிடுவோம் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். பிளாங்கர் என்று திட்டு வாங்குவதும் அந்தத் தம்பிதான். பிரெஞ்சு தெரிந்தவன் போல 'மான்ஷ் டூ' என்று ஒன்றை எடுத்துவிடுவான்; அது இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பட்டாணிக் காயின் பெயர். தப்பான மொழியைத் தலைநிமிர்ந்து பேசுகிறவன். வந்த புதிதில் எனக்கு அவனைப் பிடித்துப் போனதற்கு வேறு காரணம் வேண்டுமா?

1989-ல் வந்த ஒரு காட்சி இருக்கிறது, உங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். டெல் பெரிய பங்குச் சந்தைக்காரன் போல கோட் மாட்டிக்கொண்டு ஒயின் பாரில் நிற்கிறான், கண் பெண்கள் மேல். அவன் சாய்ந்திருந்த பலகையை பார்க்காரர் தூக்கிவிட்டது அவனுக்குத் தெரியாது. மறுபடி சாய்கிறான். கையை ஊன்றாமல், பார்வையைக்கூடத் திருப்பாமல், வெட்டிய மரம் போல பக்கவாட்டில் அப்படியே போய் விழுகிறார் ஜேசன். எழுந்ததும் ஒன்றும் நடக்காத முகத்தோடு நண்பனைக் கிளம்பச் சொல்கிறார். விழுவதை யாரும் நடித்துவிடலாம், அந்த எழும் முகம்தான் கஷ்டம். 1996 டிசம்பர் 29 அன்று இந்தத் தொடரை 2.43 கோடிப் பேர் பார்த்தார்கள். அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஆறு கோடிக்குச் சற்றுக் குறைவு.

இந்த இடம் அவருக்குச் சும்மா வரவில்லை. 1940-ல் வட லண்டன் எட்மண்டனில் பிறந்தவர். அப்பாவுக்குப் பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் வேலை. இவர் கராஜில் வேலை செய்தார், அப்புறம் எலக்ட்ரீஷியன். சொந்தப் பெயர் டேவிட் ஒயிட். நடிகர் சங்கத்தில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் ஜேசன் ஆனார். 1968-ல் 'டாட்ஸ் ஆர்மி' என்ற நகைச்சுவைத் தொடரில் நல்ல வேடம் கிடைத்து, சில மணி நேரத்திலேயே வேறொருவருக்குப் போய்விட்டது. டெல் பாய் வேடத்துக்குக்கூட முதலில் யோசித்தது வேறு நடிகர்களைத்தான். அது சுற்றிச் சுற்றி ஜேசனிடம் வந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

'ஓபன் ஆல் ஹவர்ஸ்' தொடரில் மாமாவின் மளிகைக் கடையில் எடுபிடியாக வருவார். 2013-ல் அதே கதை திரும்ப வந்தபோது கடைக்கே முதலாளி. கார்னர் ஷாப் வைத்திருக்கும் நம் ஆட்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்! 1992-லிருந்து 2010 வரை ஐடிவி சேனலில் 'எ டச் ஆஃப் ஃப்ராஸ்ட்', அதில் இன்ஸ்பெக்டர். சிரிக்கவே மாட்டார், அதே ஆளா என்று தோன்றும். 2005-ல் 'சர்' பட்டம்.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது 'தி டார்லிங் பட்ஸ் ஆஃப் மே'. 1991-ல் வந்தது, கதையும் உங்கள் கென்ட்தான். படம் பிடித்தது உங்களுக்குப் பக்கத்து ஊர் பிளக்லியில். கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸை நாடே அறிந்தது இதில்தான். ஜேசன் இதில் பாப் லார்கின் என்ற குடியானவர், எதற்கெடுத்தாலும் 'பெர்ஃபிக்' என்பார். பெர்ஃபெக்ட்டுக்கு அந்த ஊர் உச்சரிப்பு.

'ஒன்லி ஃபூல்ஸ்' எங்கே பார்ப்பது? பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயருக்கு டிவி லைசென்ஸ் (டிவி பார்க்கக் கட்டும் கட்டணம்) வேண்டும். இல்லாமல் பார்த்து மாட்டிக்கொள்ளாதீர்கள். நான் சாரிட்டி கடையில் ஒரு பவுண்டுக்கு டிவிடி வாங்கித்தான் பார்த்தேன், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொடரின் பழைய பாகங்களில் ஆசியர்களின் கடையைக் குறிக்கும் ஒரு கொச்சைச் சொல் வரும், எனக்குச் சுருக்கென்றது. அதை யாராவது உங்களிடம் சொன்னால் அப்போது மேனேஜரிடம் போங்கள்.

இன்னொன்று. எல்லாம் புரிந்துவிட்டது என்ற குஷியில், கிடங்கில் தப்பான பெட்டியை ஏற்றிய சூப்பர்வைசரைப் பார்த்து நான் 'யூ பிளாங்கர்' என்றேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை அவர். ஆகவே நீங்கள் 'பெர்ஃபிக்'கில் ஆரம்பியுங்கள். பாட்டி யாராவது டீ நன்றாக இருக்கிறதா என்று உங்களிடம் கேட்கும்போது சொல்லுங்கள். அப்படியே பிளக்லியில் படம் பிடித்த கோடையில் போய்ப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். ஷிஃப்ட் முடியும் நேரமாகப் பார்த்துக் கேட்காதீர்கள், வீட்டுக்குப் போக விடமாட்டார்கள்.