அமெரிக்கக் கல்லூரியில் சொராரிட்டியில் சேர்ந்தால் வேலைக்கு உதவுமா?

உங்கள் மகள் இந்த ஆண்டு அமெரிக்காவில் இளங்கலை சேர்கிறாள், சொராரிட்டியில் (மாணவிகளுக்கான கல்லூரிச் சங்கம்) சேர்ந்தால் பின்னாளில் வேலை எளிதாகும் என்று தோழிகள் சொல்கிறார்கள், காசு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதில் சேர்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் கட்டலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

நான் திருச்சியிலிருந்து அங்கே படிக்கப் போனவன். சேர்ந்தது வணிகம் படிப்பவர்களுக்கான தொழில்சார் ஃபிரெட்டர்னிட்டி ஒன்றில். ஃபிரெட்டர்னிட்டி என்றால் பொதுவாக மாணவர்களுக்கான சங்கம்; ஆனால் இந்தத் தொழில்சார் வகையில் ஆண், பெண் இருவரும் சேரலாம். அல்ஃபா கப்பா சை (1904), டெல்டா சிக்மா பை (1907) எல்லாம் இந்த ரகம்தான். இரண்டுமே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவை.

புதிதாக வருபவரை ஒரு சீனியரிடம் ஒப்படைப்பார்கள். அவரை 'பிக்' என்பார்கள். என் பிக் ஒரு பெண். இரண்டாவது வாரமே ரெஸ்யூமேவைக் கொண்டுவரச் சொன்னாள். சிவப்புப் பேனாவை எடுத்து அப்பா பெயரை அடித்தாள், பிறந்த தேதியை அடித்தாள், பிளஸ் டூ மார்க்கையும் அடித்தாள். கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் உண்மையென உறுதியளிக்கிறேன்" என்று நான் கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்து, "இது யாருக்கு, கோர்ட்டுக்கா?" என்றாள். மிஞ்சியது அரைப் பக்கம். பிறகு தோண்டித் துருவிக் கேட்டதில், விடுமுறைகளில் அப்பாவின் மளிகைக் கடைக் கணக்கை நான் எழுதியது தெரியவந்தது. அதை முதல் வரியில் ஏற்றிவிட்டாள். ஓர் ஆண்டு கழித்து நடந்த நேர்காணலில் என்னிடம் பாதி நேரம் கேட்டது அந்த மளிகைக் கடையைப் பற்றித்தான்.

அந்த நேர்காணல் வந்த கதையையும் சொல்கிறேன். எங்கள் கிளையின் பழைய மாணவர்கள் பத்துப் பேருக்கு மெயில் போட்டேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் இருபது நிமிடம் போனில் பேசிவிட்டு ரெஃபரல் கொடுத்தார். நம்மூர் சிபாரிசு மாதிரி நினைத்துவிடாதீர்கள். கதவு வரைக்கும்தான் கூட வருவார்கள். அதற்கு முன் இன்னொரு ரெஃபரலில் போய் நான் தோற்றும் இருக்கிறேன்.

நட்பு, கொண்டாட்டம் என்று இயங்கும் வழக்கமான சோஷியல் ஃபிரெட்டர்னிட்டிகளைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு: உறுப்பினராக இருந்தவர்களின் பிற்கால வருமானம் சுமார் 36% கூடுகிறது, ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) சுமார் 0.25 குறைகிறது. ஒரே ஒரு கல்லூரியை வைத்துச் செய்தது, அதுவும் சொராரிட்டி பற்றியது அல்ல. ஆகவே அந்த 36-ஐ நம்பி ஃபீஸ் கட்டாதீர்கள்.

கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகள் தனி உலகம். 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அல்ஃபா கப்பா அல்ஃபாவில் கமலா ஹாரிஸ் மாணவியாக இருந்தபோதே சேர்ந்தார். பட்டம் வாங்கியதோடு அங்கே உறவு முடிவதில்லை; நடுவயதிலும் கிளைக் கூட்டங்களுக்குப் போகிறார்கள். அவர் தேர்தலில் நின்றபோது அந்தச் சகோதரிகள் திரண்டு வந்ததை நாடே பார்த்தது.

மகள் மென்பொருள் துறை என்றால் இதெல்லாம் குறைவாகத்தான் உதவும்; நிதி, கன்சல்டிங் பக்கம் என்றால் நன்றாகவே உதவும். ஹேஸிங், அதாவது நம்மூர் ராகிங், வாடை அடித்தால் அன்றைக்கே வெளியே வந்துவிட வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

புதியவர்களைச் சேர்க்கும் ரஷ் வாரத்தில் போய், "போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஆள் ஆளாகச் சொன்னால் உட்காரலாம். "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று மட்டும் சொன்னால், பீட்சாவைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடச் சொல்லுங்கள்.